அழகைக் கவனித்த கண்ணும் அதற்காக அஞ்சும் மனமும்

ஒரு கேள்வியோடு இந்த வாரப் பாடத்தைத் தொடங்குவோம். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கி ஓர் இளைஞர் காவடி தூக்கி வருகிறார். அகன்ற தோள், நிமிர்ந்த நடை. கூட்டத்தில் நிற்கும் இன்னோர் இளைஞரின் பார்வை அவர் மேல் ஒரு கணம் நிலைக்கிறது. ‘என்ன கம்பீரம்!’ என்று அவர் மனம் சொல்கிறது. இதில் ஏதாவது தவறு நடந்துவிட்டதா?

பெரும்பாலோர் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் சிலருக்கு அடுத்த கணமே வேறொரு குரல் எழும். ‘நான் ஏன் அவனைப் பார்த்தேன்? ஆண் ஆணைப் பார்த்து அழகென்று நினைக்கலாமா? அப்படியென்றால் நான் யார்?’ பெண்களுக்கும் இது நேர்கிறது. திருமண மண்டபத்தில் இன்னொரு பெண்ணின் முகத்தையோ நடையையோ ரசித்துவிட்டு, வீடு திரும்பியதும் தூக்கம் வராமல் புரள்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாத வேதனை என்பதால் பலர் பல ஆண்டுகள் தனியாகவே இதைச் சுமக்கிறார்கள்.

இந்த வேதனையைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அழகைக் கவனிப்பது. இரண்டு, ஈர்ப்பு. மூன்று, சந்தேகம். மூன்றும் வெவ்வேறு வேலைகள். அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் குற்ற உணர்வு பிறக்கிறது.

மதிப்பெண் போடும் மூளை

முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மூளை அதற்கு மதிப்பெண் போட்டுவிடுகிறது. நம் அனுமதிக்காக அது காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டினார்கள். அதற்குள்ளாகவே பார்த்தவர்கள் அந்த முகத்தின் அழகு, நம்பகத்தன்மை போன்றவற்றைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்களின் முடிவோடு அது பெரிதும் ஒத்துப்போனது.

கைக்குழந்தைகளும் இதைச் செய்கின்றன. உளவியலாளர் ஜூடித் லாங்லோயிஸ் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் பெரியவர்கள் அழகென்று மதிப்பிட்ட முகங்களையே அதிக நேரம் பார்த்தன. ஆண் முகமானாலும் பெண் முகமானாலும் அப்படியே. ஆறு மாதக் குழந்தைக்கு ஆசையும் தெரியாது, பாவமும் தெரியாது. அழகைக் கவனிப்பது மட்டும் தெரியும்.

நம் கேள்விக்கு இன்னும் நேரடியான பதில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலிருந்து வந்தது. ஃபெலிசிட்டாஸ் கிரான்ஸ், அலுமிட் இஷாய் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேரின் மூளையை ஸ்கேன் செய்தனர். எதிர்பாலினத்தவரை நாடும் ஆண்கள், பெண்கள், தன்பாலினத்தவரை நாடும் ஆண்கள், பெண்கள் என நான்கு வகையினரும் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஆண் முகங்களையும் பெண் முகங்களையும் காட்டி, எவ்வளவு அழகு என்று மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பெண்ணில் நான்கு வகையினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெண்ணை மட்டுமே நாடும் ஆணும் அழகான ஆணின் முகத்தை அழகு என்றுதான் சொன்னார்.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. கண்களுக்குச் சற்று மேலே, நெற்றியின் உட்புறத்தில் இன்பத்தையும் வெகுமதியையும் எடைபோடும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி, அவரவர் நாடும் பாலினத்தின் முகங்களுக்கே அதிகமாகத் துலங்கியது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இதுதான்: ‘இவர் அழகு’ என்று அறிவது ஒரு வேலை, ‘இவர் எனக்கு வேண்டும்’ என்று விழைவது இன்னொரு வேலை. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு செய்ய முடியாது.

நம்மவர்கள் அறிந்ததே

விஞ்ஞானம் சொல்லும் இந்த உண்மை நமக்குப் புதியதல்ல. கம்பராமாயணத்தின் தாடகை வதைப் படலத்தில், விசுவாமித்திர முனிவர் இராமனின் தோளழகைப் பேசுகிறார். ஆண்களும் பெண்ணாகப் பிறந்திருக்கலாகாதா என்று ஏங்கும் தோள் அது என்ற பொருளில் அவர் சொல்கிறார். இலக்கிய மேடைகளில் இந்த இடம் இன்றும் நயம் பாராட்டப்படுகிறது.

பேரா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களில் எம்.ஜி.ஆர். திரையில் தோன்றியதும் விசில் அடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தாம். லயத்து வீட்டுச் சுவரில் அவர் படத்தை ஒட்டியவர்களும், அவரைப் போல் தலைவாரி மீசை வைத்தவர்களும் ஆண்கள்தாம். சரோஜா தேவியின் கொண்டையையும் புடவைக் கட்டையும் பேசிப் பேசி மகிழ்ந்தவர்கள் பெண்கள். பால் வெட்டி முடித்து, தோளில் கை போட்டுக்கொண்டு நடந்துவந்த இரு நண்பர்களை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. ‘புள்ள லட்சணமா இருக்கா, கண்ணு பட்டுடப்போகுது’ என்று திருஷ்டி சுற்றிப்போட்ட பாட்டி, அழகைக் கண்ட கண்ணைக் குற்றவாளியாக்கவில்லை.

அப்படியானால் குற்ற உணர்வு எங்கிருந்து வருகிறது?

குற்ற உணர்வின் மூன்று ஊற்றுகள்

முதல் ஊற்று, நினைப்பையும் செயலையும் ஒன்றாக எடைபோடும் பழக்கம். ஒன்றை நினைப்பதே அதைச் செய்ததற்குச் சமம் என்று சிலர் ஆழமாக நம்புகிறார்கள். ரோஸ் ஷாஃப்ரான், ஸ்டான்லி ராக்மன் முதலிய உளவியலாளர்கள் 1996இல் இதை அளந்து பார்க்க ஒரு வினாப்பட்டியலை வகுத்தார்கள். இந்த நம்பிக்கை வலுவாக இருக்கும் மனத்தில், தானாக வந்து போகும் எண்ணமும் பெரிய பாவமாகத் தெரியும். மனத்தூய்மையைப் போற்றும் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை, ‘தீயதை நாடிச் செல்லாதே’ என்ற அறிவுரையை ‘உன் மனத்தில் எதுவுமே எழக்கூடாது’ என்று தவறாக வாங்கிக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது ஊற்று, ஊர் வாய். லயத்தில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போன பிறகும் அந்தப் பயம் உடன் போனது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்வியோடு பள்ளிக்கூடத்துக் கேலிச் சொற்களும் சேர்ந்துகொள்கின்றன. நடையோ குரலோ சற்று மென்மையாக இருக்கும் பையனை மற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை எல்லா மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் தன் மேல் விழுந்துவிடுமோ என்று அஞ்சுபவன், தன் கண் போகும் திசையையே காவல் காக்கத் தொடங்குகிறான்.

மூன்றாவது ஊற்று, உடல் தரும் குறிப்பைத் தவறாகப் படிப்பது. இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் இடது கால் சுண்டுவிரலை அரை நிமிடம் மனத்தால் உற்றுக் கவனியுங்கள். அங்கே ஏதோ குறுகுறுப்பு, சூடு, துடிப்பு தெரிகிறதல்லவா? கவனம் போகும் இடத்தில் உணர்வு கூடும். பயம் சேர்ந்தால் இதயம் படபடக்கும், வயிறு கலங்கும், உடல் சிலிர்க்கும். ‘எனக்கு ஏதாவது தோன்றுகிறதா?’ என்று உடலைச் சோதிப்பவருக்கு ஏதாவது ஒன்று நிச்சயம் தோன்றும். பயத்தின் படபடப்பை அவர் ஆசையின் படபடப்பு என்று எண்ணி மேலும் பயப்படுகிறார்.

மருந்தும் குரங்கும்

‘இந்த எண்ணமே வரக்கூடாது’ என்று மனத்தை அடக்கினால் என்ன ஆகும்? குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். சொன்ன நாளிலிருந்து மருந்துக் கிண்ணத்தை எடுத்தாலே குரங்குதான் வந்து நிற்கும்.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் இதையே ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. ‘ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள்’ என்று மாணவர்களிடம் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இனி நினைக்கலாம்’ என்று சொன்னபோது, முதலில் அடக்கியவர்களுக்கு, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

காரணம் எளிது. ஓர் எண்ணம் வராமல் தடுக்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனத்தின் ஒரு பகுதி இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பார்வையே எண்ணத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

சந்தேகமே நோயாகும்போது

வேண்டாத எண்ணம் வருவது நோயின் அடையாளம் அல்ல. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எந்த மனநோயும் இல்லாதவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர், தங்களுக்கும் விருப்பமில்லாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 13 நாடுகளில் 777 மாணவர்களைக் கேட்டது. முந்தைய மூன்று மாதங்களில் அப்படிப்பட்ட எண்ணம் ஒன்றேனும் வந்ததாக 93.6 விழுக்காட்டினர் கூறினர்.

ஆக, எண்ணம் எல்லாருக்கும் வருகிறது. வந்த எண்ணத்திற்கு என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. சிலரிடம் அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக மாறுகிறது. அடிக்கடி கை கழுவுவது, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது ஆகியவை இந்த நோயின் பலர் அறிந்த முகங்கள். ‘என் பாலின ஈர்ப்பு என்ன?’ என்ற தீராத சந்தேகம் அதன் பலர் அறியாத முகம். அமெரிக்காவில் ஓ.சி.டி. உள்ள 409 பேரின் விவரங்களை மோனிகா வில்லியம்ஸ், சமந்தா ஃபாரிஸ் இருவரும் 2011இல் ஆராய்ந்தனர். 8 விழுக்காட்டினருக்கு அப்போது இந்தச் சந்தேகம் இருந்தது. வாழ்நாளில் எப்போதாவது இருந்ததாகச் சொன்னவர்கள் 11.9 விழுக்காட்டினர்.

சுழல் எப்படி ஓடுகிறது? படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். காற்பந்துத் திடலில் ஒரு நண்பனைப் பார்க்கிறான். ‘அழகாக இருக்கிறான்’ என்ற எண்ணம் வருகிறது. ‘அப்படியென்றால் நான்?’ என்ற சந்தேகம் அடுத்து வருகிறது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நடிகையின் படத்தைப் பார்த்துத் தன்னைச் சோதிக்கிறான். கொஞ்சம் நிம்மதி. அரை மணி நேரத்தில் சந்தேகம் திரும்ப வருகிறது. இணையத்தில் தேடுகிறான், பழைய நினைவுகளைக் கிளறுகிறான், அந்த நண்பனைத் தவிர்க்கிறான், திடலுக்குப் போவதையே நிறுத்துகிறான். ஒவ்வொரு சோதனையும் ‘இது உண்மையிலேயே ஆபத்தான கேள்விதான்’ என்று மூளைக்குக் கற்பிக்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய மூளை விடையில்லாத ஒரே வினாவோடு நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறது. ஓ.சி.டி. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுவது என்பதால் பெற்றோர் இதை ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடுவது எளிது.

உண்மையிலேயே ஈர்ப்பு இருந்தால்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் பாடம் முழுமையாகாது. சிலருக்கு இருப்பது சந்தேகம் அல்ல, தன் பாலினத்தவர் மீது உண்மையான ஈர்ப்பு. அவர்களை நோக்கி மருத்துவம் சொல்வது என்ன?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலின ஈர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கும் முடிவு 1990 மே 17ஆம் தேதி எடுக்கப்பட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இதை நோயல்ல என்று அறிவித்தது. ஈர்ப்பை மாற்றுகிறோம் என்று சொல்லித் தரப்படும் சிகிச்சைகள் பயன் தருவதில்லை. மாறாகத் தாழ்வுணர்ச்சியையும் மனச்சோர்வையும் கூட்டுகின்றன.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தாமே பாடம் கேட்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு பிறப்பித்தார். ஈர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளுக்கு அந்த உத்தரவு தடை விதித்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

நம் நாட்டுச் சூழல் வேறு. காலனித்துவ ஆட்சி வகுத்த சட்டத்தின் வழிவந்த 377ஏ, 377பி ஆகிய பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் இன்னும் இருக்கின்றன. சமயங்களுக்கும் தத்தம் போதனைகள் உண்டு. ஆனால் அந்தச் சட்டப் பிரிவுகள் பேசுவது செயலைப் பற்றி. ஒரு முகத்தை அழகென்று எண்ணுவதோ, மனத்தில் உள்ளதை மருத்துவரிடம் சொல்வதோ அவற்றில் அடங்காது. மருத்துவர் சிகிச்சை தர வேண்டியது பயத்திற்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும்தான்.

‘எனக்கு இருப்பது சந்தேகமா, ஈர்ப்பா?’ என்று கேட்பீர்கள். ஒரு பார்வையையோ ஒரு நாளையோ வைத்து யாராலும் சொல்ல முடியாது. பொதுவாக, ஓ.சி.டி. உள்ளவருக்கு அந்த எண்ணம் வரும்போது திகிலும் அருவருப்பும் முந்திக்கொள்கின்றன. விடை உடனே தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பும் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் சேர்கின்றன. ஈர்ப்பு உள்ளவருக்கு, வெட்கமும் பயமும் மேலே மூடியிருந்தாலும், அடியில் ஒரு விருப்பமும் இனிமையும் இருக்கும். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். ஆகவே பிரித்தறியும் வேலையைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் விடுங்கள். விடை எதுவானாலும் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது.

சுழலிலிருந்து வெளிவரும் வழி

ஓ.சி.டி.க்கு நல்ல சிகிச்சை உண்டு. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் ஒரு புதிய முறையை எழுதி வெளியிட்டார். பயம் தரும் சூழலை நோயாளி சந்திக்க வேண்டும். ஆனால் வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்யக்கூடாது. பயம் தானாக எழுந்து தானாக அடங்குவதை மூளை அப்போது கற்றுக்கொள்கிறது. இன்று இந்தப் பயிற்சியும், தேவைப்பட்டால் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவைச் சீராக்கும் மாத்திரைகளும் முதன்மையான சிகிச்சைகளாக உள்ளன. இந்தப் பயிற்சி சந்தேக நோய்க்கானது. ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதற்கு இதைப் பயன்படுத்தக்கூடாது.

வீட்டிலிருந்தபடியே சிலவற்றைத் தொடங்கலாம்.

எண்ணம் வந்தால் விரட்டாதீர்கள். ‘ஓர் அழகான முகத்தைக் கவனித்தேன்’ என்று மட்டும் மனத்தில் சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலைக்குத் திரும்புங்கள்.

உடலைச் சோதிப்பது, படங்களைப் பார்த்து ஒப்பிடுவது, இணையத்தில் விடை தேடுவது ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம், பிறகு ஒரு நாள்.

தவிர்த்த நண்பரிடம் மீண்டும் பேசுங்கள். விட்ட விளையாட்டைத் தொடருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘அம்மா, நான் அப்படியா?’ என்று பிள்ளை கேட்கும்போது ‘இல்லடா கண்ணு’ என்று ஒரு முறை சொல்வது அன்பு. ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வது நோய்க்குத் தீனி. ‘இந்தப் பயம் உன்னை வாட்டுவது எனக்குத் தெரியுது, வா, டாக்டரைப் பார்ப்போம்’ என்பது நல்ல பதில். அடிப்பது, ஏசுவது, ‘கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்று அவசரப்படுவது ஆகியவை இன்னொருவர் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கும். கோயிலுக்குப் போவது மனத்திற்கு ஆறுதல் என்றால் போகட்டும். மருத்துவரைப் பார்ப்பதை அது தள்ளிப்போடக்கூடாது.

எங்கே போவது?

பேரா மக்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. ‘உன்னை ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்ற கேலி நாடு முழுதும் பரவியது. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்ததாலேயே பலர் மனநல மருத்துவர் என்ற சொல்லுக்கே பயப்படுகிறார்கள். ஆனால் இத்தகைய பிரச்சினை உள்ளவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை. வந்து பேசிவிட்டு, மாத்திரை இருந்தால் வாங்கிக்கொண்டு, வேலைக்கோ பள்ளிக்கோ போய்விடலாம்.

முதல் படி, அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் தேவையறிந்து மனநல நிபுணரிடம் அனுப்புவார். ‘எனக்கு நிற்காத எண்ணங்கள் வருகின்றன, தூக்கம் கெடுகிறது’ என்று தொடங்கினால் போதும். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாணவர்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம். தொலைபேசியில் பேச விரும்புவோர் சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். ஈப்போவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நீக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிவிட்டது.

அழகைக் கண்டால் கண் நிற்கும். அதற்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு கணத்திற்காகப் பல ஆண்டுகளாகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேசை மேல் வைத்துவிடுங்கள்.